ஆறப்போட்ட பிரதியும் மீளும் கையும்: கெதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு படைப்பை இடையில் நிறுத்திப் பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் கையிலெடுக்கும்போது பிரதிக்குள் நிகழும் மாற்றங்களை ஜெர்மானியக் கவிஞர் கெதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடக உருவாக்க வரலாற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்னும் பொதுவான கருத்து இந்நாடகத்திற்குப் பொருந்தவில்லை என்பதும், மீளும் படைப்பாளி முதலில் தன் பழைய பிரதியின் வாசகனாகிறான் என்பதும், அவ்வாசிப்பின் தடங்கள் முடிவுற்ற பிரதியில் முரண்களாக எஞ்சுகின்றன என்பதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. இந்நோக்கில் தமிழ்ப் படைப்புகள் சிலவற்றை அணுகும் வழி இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இடைநிறுத்தம், மீள்தொடக்கம், பிரதி அடுக்கு, ஃபவுஸ்ட், பாஞ்சாலி சபதம், மாறுகொளக் கூறல்

முன்னுரை

தொடங்கிய பணியை இடையில் நிறுத்துவதைக் குறிக்கத் தமிழ் வழக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் உள்ளன. ‘கிடப்பில் போடுதல்’ என்பது கவனிப்பாரற்று விடுதல். ‘ஆறப்போடுதல்’ என்பது சூடு தணியட்டும் எனக் காத்திருத்தல். ‘ஊறப்போடுதல்’ என்பதோ காத்திருக்கும் காலத்தில் பொருளே மாற்றம் பெறுகிறது என்னும் குறிப்பை உடையது. மூன்றிலும் செயல் ஒன்றே. காலத்தைப் பற்றிய எண்ணம் வேறு. ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்னும் பழமொழி இவற்றை மறுத்து நிற்கிறது. தள்ளிப்போட்டது சுவை கெடும் என்பது அதன் துணிபு.

இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இப்பழமொழியின் பக்கமே நிற்கின்றன எனலாம். ஒரு நூலுக்கு ஓர் ஆண்டு என்னும் முறையில் காலநிரல் அமைக்கும்போது, படைப்பு ஒரே மூச்சில் பிறந்தது என்னும் கருத்து சொல்லாமலேயே நிலைபெற்றுவிடுகிறது. நன்னூல் வகுக்கும் பத்துக் குற்றங்களும் நூலை ஒரு காலத்தில் ஒருவன் கூறிய கூற்றாகவே கொள்கின்றன. ‘மாறுகொளக் கூறல்’, ‘மற்றொன்று விரித்தல்’, ‘சென்று தேய்ந்து இறுதல்’ ஆகியவை கூறுவோன் ஒரே நிலையில் நின்று கூறுகிறான் என்னும் அடிப்படையில்தான் குற்றங்களாகின்றன. இருபத்து நான்கு அகவையில் எழுதியவனும் எண்பத்திரண்டு அகவையில் எழுதியவனும் ஒரே பெயருடையவர்களாய் ஒரே நூலில் சந்திக்கும்போது அக்குற்றங்களை எவ்வாறு அளப்பது என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவை ஆராய ‘ஃபவுஸ்ட்’ ஏற்ற களமாகும். தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்தமை மட்டும் இதற்குக் காரணமன்று. அந்த இடைவெளியின் வெவ்வேறு கட்டங்களில் நாடகம் எந்நிலையில் இருந்தது என்பதைக் காட்டும் பிரதிகளும், நிறுத்தியதையும் மீண்டதையும் பற்றிக் கெதே எழுதிய கடிதங்களும் எஞ்சியிருப்பதே முதன்மைக் காரணம்.

கட்டி வைக்கப்பட்ட பொதி

1749இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்த கெதே, 1770களின் முற்பகுதியில் ‘ஃபவுஸ்ட்’ காட்சிகளை எழுதத் தொடங்கினார். ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்ற அறிஞனைப் பற்றிய பழங்கதை பொம்மலாட்டமாகவும் மலிவு நூலாகவும் அன்று மக்களிடையே வழங்கியது. அக்கதையோடு அவர் இணைத்த கிரெட்சன் என்னும் பெண்ணின் கதை பழைமையானதன்று. ஈன்ற குழவியைக் கொன்ற குற்றத்திற்காகச் சுசன்னா மார்கரெத்தா பிராண்ட் என்னும் பணிப்பெண் 1772 ஜனவரியில் அதே நகரில் தலை துண்டிக்கப்பட்டாள். சட்டம் பயின்று திரும்பிய இளைஞராகக் கெதே அப்போது அந்நகரில் இருந்தார்.

1775 இறுதியில் வைமார் அரசவைக்குச் சென்றபோது எழுதி முடித்த காட்சிகளையும் உடன் கொண்டு சென்றார். அவையில் படித்தும் காட்டினார். அவைப் பெண்டிருள் ஒருவரான லூயிசே ஃபன் கோஹ்ஹௌசன் அதனைப் படியெடுத்து வைத்துக்கொண்டார். கெதேயின் கைப்படி பின்னாளில் மறைந்துபோயிற்று. அப்பெண்மணியின் படி 1887இல் டிரெஸ்டனில் எரிக் ஷ்மிட் என்னும் ஆய்வாளரால் கண்டெடுக்கப்பட்டு, ‘மூல ஃபவுஸ்ட்’ எனப் பெயர் பெற்றது. ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. ஆசிரியன் காவாததைப் படியெடுத்தோர் காத்தனர்.

வைமாரில் ஆட்சிப் பணிகள் சூழ்ந்தன. நாடகம் பத்தாண்டுக்கு மேல் அசையவில்லை. 1786இல் கெதே இத்தாலிக்குப் புறப்படுமுன் லைப்சிக் பதிப்பாளர் கோஷென் எட்டுத் தொகுதிகளில் அவருடைய படைப்புகளை வெளியிட இசைந்திருந்தார். எழுதி முடிக்காதவற்றை முடித்துத்தர வேண்டிய கட்டாயம் இதனால் நேர்ந்தது. 1788 மார்ச் முதல் நாள் உரோமிலிருந்து எழுதிய கடிதத்தில், பழைய கைப்படியை மீண்டும் எடுத்ததைக் குறிப்பிடுகிறார். தாள்கள் மஞ்சளேறி, ஓரம் தேய்ந்து, ஏதோ ஒரு பழஞ்சுவடியின் துண்டு போலத் தோன்றின என்கிறார். புதிதாக எழுதிய காட்சியின் தாளைப் புகையிற் காட்டிவிட்டால் பழையவற்றிலிருந்து எவரும் அதனைப் பிரித்தறிய இயலாது என்றும் நம்புகிறார். முன்பு தாம் தொல்காலத்திற்குள் தம்மைச் செலுத்திக்கொண்டது போல, இப்போது தாமே வாழ்ந்து கடந்த காலத்திற்குள் தம்மைச் செலுத்திக்கொள்ள வேண்டியுள்ளது என்பது அக்கடிதத்தின் மையக் கருத்து.

இக்கூற்று சற்று நின்று நோக்கத்தக்கது. தம் சொந்தக் கையெழுத்தை ஒரு பழஞ்சுவடியாகவே அவர் காண்கிறார். மீள்வதற்கு அவர் கொள்ளும் வழி, பழைய குரலைப் போலச் செய்தலாகும்; புகையிட்ட தாள் என்னும் உவமை அதனையே உணர்த்துகிறது. அம்முயற்சி முழு வெற்றி பெறவில்லை. 1790இல் தொகுதியின் ஏழாம் பகுதியாக வெளிவந்தபோது நூலின் பெயரே ‘ஃபவுஸ்ட்: ஒரு துண்டு’ என்றிருந்தது. முடிவுறாமையைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்ட வெளியீடு அது. கிரெட்சனின் சிறைக் காட்சி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தும் அதில் சேர்க்கப்படவில்லை. நூல் தேவாலயக் காட்சியோடு நின்றது.

மூன்றாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தவர் ஷில்லர். 1794 நவம்பர் இறுதியில், வெளிவராத காட்சிகளைப் படிக்கத் தருமாறு அவர் கேட்டார். ஃபவுஸ்ட் கட்டுண்டு கிடக்கும் பொதியை அவிழ்க்கத் தமக்குத் துணிவில்லை எனக் கெதே மறுமொழி எழுதினார். படியெடுக்கத் தொடங்கினால் முழுமையாக எழுதாமல் இருக்க இயலாது. அதற்குரிய ஊக்கம் இப்போது இல்லை என்பது அவர் கூறிய காரணம். பொதி அவிழ மேலும் இரண்டரை ஆண்டுகள் ஆயின. 1797 ஜூன் 22இல், நாடகத்திற்குத் திரும்ப முடிவு செய்துள்ளதாகவும், உறக்கம் வராத இரவொன்றில் அதன் முழு அமைப்பையும் எண்ணிப்பார்த்துத் தமக்குக் கூறுமாறும் ஷில்லருக்கு எழுதினார். தம் படைப்பின் திட்டத்தைப் பிறரிடம் கேட்கும் நிலை, அப்படைப்பு அவரை விட்டு எவ்வளவு அகன்றிருந்தது என்பதற்குச் சான்று. இரண்டு நாள்களில் நாடகத்தின் முகப்பில் இன்று நிற்கும் ‘படையல்’ என்னும் பாடலை இயற்றினார். மங்கலாக மீண்டு வரும் பழைய உருவங்களை விளித்து, அன்று கேட்டோர் இன்று இல்லை என இரங்கும் பாடல் அது. மீள்தொடக்கத்தின் முதல் விளைபொருள் மீள்தொடக்கத்தையே பாடுபொருளாகக் கொண்டமை தற்செயலன்று.

முதற்பகுதி 1808இல் வெளிவந்தது. தூண்டியவர் அதனைக் காணவில்லை. ஷில்லர் 1805இல் மறைந்திருந்தார்.

பிரதியில் தெரியும் தையல்கள்

எழுதிய வரிசையும் நாடகம் நிகழும் வரிசையும் ஒன்றல்ல என்பது இப்பிரதிகளை ஒப்பிட்டால் முதலில் தெரியவரும் உண்மை. ஃபவுஸ்டுக்கும் மெஃபிஸ்டோவுக்கும் இடையிலான ஒப்பந்தமே இக்கதையின் தூண். ஆயினும் ‘மூல ஃபவுஸ்ட்’ பிரதியில் ஒப்பந்தக் காட்சி இல்லை. மாணவன் வாக்னர் வெளியேறியபின் நாடகம் தாவி, மெஃபிஸ்டோ ஏற்கெனவே அறையில் இருக்கும் காட்சிக்குச் செல்கிறது. 1790இன் ‘துண்டு’ நூலில் இருவர் உரையாடலின் பிற்பகுதி இடம்பெற்றது; அதுவும் ஒரு வாக்கியத்தின் நடுவில், ‘மேலும்’ என்னும் பொருள் தரும் இணைப்புச் சொல்லோடு தொடங்கியது. முற்பகுதியை எழுதாமலே பிற்பகுதியை அச்சேற்றியிருந்தார். இன்றைய பதிப்பில் 606ஆம் அடிமுதல் 1769ஆம் அடிவரை உள்ள பகுதி 1797க்குப் பிந்தைய கட்டத்தில்தான் நிரப்பப்பட்டது. ஜெர்மானிய ஆய்வாளர் இதனைப் ‘பெருவெளி’ என்பர். விட்ட இடத்திலிருந்து தொடர்தல் என்னும் தொடர் இங்கே பொருளற்றுப் போகிறது. நடுவில் இருந்த வெற்றிடத்தை இருபுறமும் எழுதப்பட்ட பின்னரே கெதே நிரப்பினார். நிரப்பும்போது இருபுறத்தின் பொருளும் மாறிற்று.

சிறைக் காட்சி இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். இளமைப் பிரதியில் அது உரைநடை. முறிந்த சொற்றொடர்களும் கூக்குரலும் கலந்த கடுமையான நடை. 1798 மே மாதம் ஷில்லருக்கு எழுதிய கடிதத்தில், உரைநடையில் இருந்த சில அவலக் காட்சிகளின் இயல்புத்தன்மையும் வலிமையும் மற்றவற்றோடு ஒப்பிடத் தாங்க இயலாதனவாக உள்ளன என்றும், ஆகவே அவற்றைச் செய்யுளாக்கி வருவதாகவும், திரையினூடே தெரிவது போல அப்போது கருத்து தெரியும் என்றும் குறிப்பிடுகிறார். ஐம்பதை நெருங்கியவர் இருபதுகளில் தாம் எழுதியதைத் தாங்க இயலாமல் அதற்குத் திரையிடுகிறார்.

மாற்றம் யாப்போடு நிற்கவில்லை. இளமைப் பிரதியின் முடிவில், அவள் தீர்ப்புக்கு உள்ளானாள் என்னும் பொருளில் மெஃபிஸ்டோ கூறுவதற்கு மறுமொழி இல்லை. 1808 நூலில் அக்கூற்றைத் தொடர்ந்து மேலிருந்து ஒரு குரல், அவள் காக்கப்பட்டாள் என்கிறது. 1772இல் ஒரு நகரம் வழங்கிய தீர்ப்பின் நிழலில் எழுதப்பட்ட காட்சி, முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து அத்தீர்ப்பை மறுக்கிறது. இடையில் நிறுத்தாமல் 1775இலேயே நாடகம் முடிக்கப்பட்டிருப்பின் இக்குரல் அதில் ஒலித்திருக்க வாய்ப்பில்லை. இடைநிறுத்தத்தின் பயன் நடைமெருகு மட்டுமே எனக் கொள்ளும் திறனாய்வு இவ்விடத்தில் தடுமாறும். மாறியது ஒரு பெண்ணின் கதி.

எனினும் எல்லாவற்றையும் கெதே மாற்றவில்லை. ‘இருண்ட நாள். வயல்’ எனத் தலைப்பிட்ட ஒரு காட்சி மட்டும் இளமைப் பிரதியின் உரைநடையிலேயே விடப்பட்டுள்ளது. முதற்பகுதியில் எஞ்சிய ஒரே உரைநடைக் காட்சி அதுவே. கிரெட்சன் சிறைப்பட்டதை அறிந்த ஃபவுஸ்ட் சினந்து கதறும் இடம் அது. செய்யுட்களின் நடுவே அது கிழிசல் போல நிற்கிறது. மறதியால் விடப்பட்டது எனக் கொள்வதற்கில்லை. அடுத்தடுத்த காட்சிகள் மாற்றப்பட்டிருக்கின்றன.

அதே காட்சியில்தான் நன்னூலாரின் ‘மாறுகொளக் கூறல்’ எழுகிறது. மெஃபிஸ்டோவை அனுப்பியவர் யார்? 1797க்குப் பின் எழுதப்பட்ட ‘வானுலக முன்னுரை’ இதற்குத் தெளிவான விடை தருகிறது. இறைவனிடம் இசைவு பெற்று, ஃபவுஸ்டைத் தன் வழிக்கு இழுப்பதாகப் பந்தயம் பேசி மெஃபிஸ்டோ வருகிறான். உரைநடைக் காட்சியிலோ, இவ்விழிந்த துணைவனோடு தன்னைப் பிணைத்ததற்காக ஃபவுஸ்ட் ஒரு பேராவியை நோக்கி முறையிடுகிறான். ‘காடும் குகையும்’ என்னும் காட்சியிலும் மேலான ஓர் ஆவி தனக்கு எல்லாம் தந்து இத்துணைவனையும் தந்தது என்கிறான். தொடக்கத்தில் அவன் அழைக்க எழுந்து அவனை இகழ்ந்து மறைந்த நிலவுலக ஆவியே அங்குக் கருதப்படுவது எனப் பலர் கொள்வர். இரு விடைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தா. முதல் திட்டத்தில் மெஃபிஸ்டோ நிலவுலக ஆவியின் ஏவலாளாக இருந்தான், பின்னைத் திட்டத்தில் இறைவனின் அனுமதி பெற்றவனானான் என்று இதனை விளக்குவதே வழக்கம்.

ஒரே அமர்வில் எழுதப்பட்ட நூலாயின் இது குற்றமே. அடுக்குகளாக வளர்ந்த நூலில் இம்முரண் தரும் பயன் வேறு. ஃபவுஸ்டுக்குத் தன்னை ஆட்டுவிப்பது எது என்பது தெரியாது; பார்வையாளருக்குத் தெரியும். அவன் முறையிடும் இடம் தவறானது என்பதை அறிந்தே பார்வையாளர் அம்முறையீட்டைக் கேட்கின்றனர். இளமையில் நேர்பொருளாய் எழுதிய கூற்று, மேலே ஒரு முன்னுரை ஏற்றப்பட்டவுடன் அறியாமையின் அவலமாக ஒலிக்கிறது. கெதே இதனைத் திட்டமிட்டார் என்று நிறுவ வேண்டுவதில்லை. நீக்கும் வாய்ப்பிருந்தும் நீக்காமல் விட்டார் என்பது போதும்.

மீள்வித்தவை

இடைநிறுத்தத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் படைப்பாளியின் மனநிலையைச் சுற்றியே அமைகிறது. ஃபவுஸ்ட் ஆவணங்கள் காட்டும் படம் சற்றுப் புறநிலையானது. ஒருமுறை பதிப்பாளரின் தொகுதித் திட்டம், ஒருமுறை நண்பரின் கடிதம், பின்னொருமுறை எக்கர்மன் என்னும் இளம் உதவியாளரின் இடைவிடாத கேள்விகள் என ஒவ்வொரு மீட்சிக்கும் ஒரு கேட்போர் இருந்தனர். ஷில்லர் 1800இல் பதிப்பாளர் கோட்டாவிடம், கவரத்தக்க தொகை கூறிக் கெதேயை இப்பணிக்கு இழுக்குமாறு எழுதவும் செய்தார்.

இடைக்காலத்து வாசிப்பும் உள்ளே நுழைந்தது. கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்த காளிதாசனின் ‘சாகுந்தலம்’ 1789இல் வெளிவந்தது. அதனைக் கியோர்க் ஃபோர்ஸ்டர் 1791இல் ஜெர்மானியத்தில் தந்தார். கெதே அதில் பெரிதும் ஈடுபட்டார். சூத்திரதாரனும் நடியும் உரையாடும் வடமொழி நாடக முகப்பு, இயக்குநரும் கவிஞரும் கோமாளியும் வாதிடும் ‘அரங்க முன்னுரை’ ஃபவுஸ்டில் அமையத் தூண்டுதலாயிற்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ‘மூல ஃபவுஸ்ட்’ எழுதப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் சாகுந்தலமே இல்லை. நாடகம் உறங்கியதாகக் கருதப்படும் ஆண்டுகளில் நாடகாசிரியர் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பகுதியின் வரலாறு இதனினும் நீண்டது. 1800இல் ஹெலெனாவைப் பற்றிய அடிகளை எழுதி நிறுத்தினார். 1816இல், இனி முடிக்க இயலாது எனக் கருதி, எழுதாத பகுதியின் கதைச் சுருக்கத்தைத் தன்வரலாற்று நூலில் சேர்ப்பதற்காகச் சொல்லி எழுதுவித்தார். கைவிட்டதற்கு எழுதிய இரங்கலுரை போன்றது அது. 1825இல் மீண்டும் தொடங்கினார். ஹெலெனாப் பகுதி 1827இல் தனியே வெளிவந்தது. பின்னர் மூன்றாம் அங்கமான அது நிற்க, முன்னும் பின்னும் எழுதப்பட்டன. நான்காம் அங்கம் மட்டும் எஞ்சியது.

அப்போது கெதே செய்தது குறிப்பிடத்தக்கது. 1831 பிப்ரவரியில் எக்கர்மனிடம் கூறியபடி, இரண்டாம் பகுதியின் கைப்படி முழுவதையும் ஒன்றாகத் தைக்கச் செய்து, நான்காம் அங்கம் வரவேண்டிய இடத்தில் வெற்றுத் தாள்களை வைத்தார். கண்முன் பருப்பொருளாக இருந்தால், முடிந்தது முடியாததை ஈர்க்கும் என்பது அவர் எண்ணம். அவ்வாண்டு கோடையில் அத்தாள்கள் நிரம்பின. 12,111 அடிகள் கொண்ட நாடகம் முடிந்தது. கைப்படியை முத்திரையிட்டு வைத்தார். 1832 ஜனவரியில் மருமகள் ஒட்டிலியேவுக்குப் படித்துக்காட்ட முத்திரையை உடைத்தார். மார்ச் 22இல் மறைந்தார். இரண்டாம் பகுதி அதன்பின் அச்சேறியது.

தமிழ்ப் பிரதிகளை நோக்கி

மேற்கண்ட ஆய்வு முறையைத் தமிழுக்குக் கொணர முயல்வோர் முதலில் சந்திக்கும் தடை, கைப்படிகள் இன்மை. கோஹ்ஹௌசன் படியைப் போன்றதொன்று நவீனத் தமிழ்ப் படைப்புகளுக்குக் கிடைப்பது அரிது. அவ்விடத்தைத் தமிழில் நிரப்புவன இதழ்களே. படைப்பு நின்ற இடத்தையும் மீண்ட இடத்தையும் இதழ்ப் பக்கங்களே காட்டுகின்றன. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலின் தொடக்கப் பகுதிகள் ‘சரஸ்வதி’ இதழில் வெளிவந்தன. நூல் 1966இல் வந்தது. இதழ் வடிவத்தையும் நூல் வடிவத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடாமல் அந்நாவலின் காலத்தை 1966 என்று மட்டும் குறிப்பது, ஃபவுஸ்டை 1808 என்று மட்டும் குறிப்பதற்கு நிகராகும்.

ந. பிச்சமூர்த்தியின் நிலை சற்று வேறு. அவர் நிறுத்தியது ஒரு நூலையன்று, ஒரு வடிவத்தை. 1934இல் ‘மணிக்கொடி’யில் தொடங்கிய அவருடைய புதுமுறைக் கவிதை முயற்சி 1940களின் இடையில் ஓய்ந்தது, சிறுகதை தொடர்ந்தது. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, பிச்சமூர்த்தியின் பழைய கவிதையான ‘பெட்டிக்கடை நாரண’னைத் தொடக்கத்திலேயே மறுவெளியீடு செய்தார். புதிய கவிதைகள் அதனைத் தொடர்ந்தன. 1962இல் ‘காட்டு வாத்து’ தொகுப்பாக வந்தது. உரோமில் கெதேயின் கையில் இருந்த மஞ்சளேறிய தாள்கள் ஆற்றிய பணியை இங்கே அம்மறுவெளியீடு ஆற்றியது. கவிஞருக்கு அது தம் பழைய குரலைக் காட்டிற்று. அதைவிட முதன்மையாக, அக்குரலுக்குச் செவி இருக்கிறது என்பதைக் காட்டிற்று. அவ்விதழைக் கண்டு எழுதத் தொடங்கிய இளைஞர்களுக்கு அக்கவிதை பழையதன்று, தொடக்கம்.

பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ வேறொரு எச்சரிக்கையைத் தருகிறது. அதன் முதற்பாகம் 1912இல் அச்சேறியது. இரண்டாம் பாகம் கவிஞர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து 1924இல் வெளிவந்தது. இப்பன்னிரண்டு ஆண்டுகளும் அச்சின் இடைவெளியே. எழுத்தின் இடைவெளி எனக் கொள்ளலாகாது. ஒன்றை மற்றொன்றாக மயங்குவது காலநிரல் அமைப்போர் எளிதில் செய்யும் பிழை. ஆயினும் பிரதிக்குள்ளேயே ஒரு தையல் தெரிகிறது. சூழ்ச்சிச் சருக்கமும் சூதாட்டச் சருக்கமும் கொண்ட முதற்பாகம், நாட்டை வைத்து ஆடும்படி தருமன் தூண்டப்படும் இடத்தோடு முடிகிறது. அவ்விடத்தில் விதுரன் எழுந்து அறம் உரைக்கிறான். அவனுக்குத் துரியோதனன் கூறும் மறுமொழி இரண்டாம் பாகத்தின் அடிமைச் சருக்கத்தில்தான் வருகிறது. 1912இல் நூலை வாங்கிப் படித்தவர்களுக்கு விதுரன் சொல் மறுமொழியின்றியே நின்றது.

மேலும், அம்மறுமொழிக்கு முன் பராசக்தி வணக்கமும் சரஸ்வதி வணக்கமும் அமைந்துள்ளன. முதற்பாகத்தின் தொடக்கத்தில் ஒருமுறை சரஸ்வதியை வணங்கிய நூல், ஒரு சொற்போரின் நடுவில், ஒருவன் பேசி மற்றவன் வாய்திறக்குமுன், மீண்டும் அவளை வணங்குகிறது. காப்பிய மரபில் கடவுள் வாழ்த்து நூலின் முகப்பிற்கு உரியது. இங்கே அது நூலை மீண்டும் தொடங்கும் கையின் அடையாளமாக நிற்கிறது. ஐந்து சருக்கங்களையும் இடைவெளியின்றித் தொடர்ந்து அச்சிடும் இன்றைய பதிப்புகளில் இவ்வணக்கப் பாடல்கள் அடிமைச் சருக்கத்தின் வழக்கமான முன்னுரையாகத் தோன்றி, வாசகர் கண்ணுக்குப் படாமலே கடந்துபோகின்றன.